பாக்கி நோட்டிலிருந்து தரவுத்தளத்துக்கு: சிறு சேவைத் தொழில் செய்வோருக்குச் சில யோசனைகள்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர இயலாத உறுப்பினர்களுக்காக இங்கே வெளியிடப்படுகிறது.)



நம் தெருக்களில் குடியிருப்பவர்களில் பலர் மாதச் சம்பளக்காரர்கள் அல்லர். ஏ.சி. பழுது பார்ப்பவர் இருக்கிறார். தண்ணீர் சுத்திகரிப்பு மெஷினுக்கு ஃபில்டர் மாற்றுபவர் இருக்கிறார். ராமேஸ்வரம் வரும் யாத்ரீகர்களுக்கு வேன் ஏற்பாடு செய்பவர், வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டிருப்பவர், படகு இன்ஜின் பட்டறை வைத்திருப்பவர் என்று பலர் இருக்கிறார்கள். இவர்கள் எல்லோரும் விற்பது வேலையை. சரக்கு விற்பவருக்குக் கடையில் இருப்பு என்னவென்று கண்ணால் பார்த்தாலே தெரியும். வேலையை விற்பவருக்கு இருப்பு அவருடைய ஞாபகம்தான். யாருக்கு என்ன செய்தோம், எப்போது செய்தோம், அடுத்து எப்போது போக வேண்டும், எவ்வளவு வர வேண்டும் என்ற ஞாபகம்.

அந்த ஞாபகம் இப்போது எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். பாதி மனத்தில் இருக்கும். கொஞ்சம் பாக்கி நோட்டில் இருக்கும். மீதி போனில், வாட்ஸ்அப்பில், சட்டைப் பையில் கிடக்கும் துண்டுச் சீட்டில் இருக்கும். நாள் நன்றாகப் போகும்வரை இதில் ஒரு குறையும் தெரியாது. தொழில் நடத்துபவர் ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால்தான் தெரியும். நாம் யாருக்குப் பணம் தர வேண்டுமோ அவர்கள் தாங்களாகவே வீட்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள். நமக்கு யார் தர வேண்டுமோ அவர்கள் தாங்களாக வருவது அபூர்வம். வீட்டில் இருக்கும் அம்மாவோ மனைவியோ மகளோ எந்த நோட்டைப் புரட்டுவது, யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாமல் நிற்பார்கள்.

இன்றைய பேச்சு அதைப் பற்றியது. தரவுத்தளம், ஆங்கிலத்தில் டேட்டாபேஸ் என்கிறோமே, அதை ஒரு சிறு தொழிலுக்கு எப்படித் திட்டமிடுவது, எப்படி உருவாக்குவது என்று பார்ப்போம். கம்ப்யூட்டர் தெரியாதவர்களும் இதில் பாதிக்கு மேல் செய்துவிடலாம். ஏனென்றால் பாதிக்கு மேல் பேப்பரிலும் பேனாவிலும் செய்ய வேண்டிய வேலை.

கம்ப்யூட்டருக்கு முன்பே இருந்த தரவுத்தளம்

ராமேஸ்வரத்துக்கு வரும் வட இந்திய யாத்ரீகர்களிடம் ஹரித்வாரைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். அங்கே பண்டா என்று சொல்லப்படும் தீர்த்தப் புரோகிதர்கள் ‘பஹி’ என்ற நீளமான பேரேடுகளை வைத்திருக்கிறார்கள். யாத்ரீகர் தம் பூர்வீக ஊரையும் குலத்தையும் சொன்னால், அவருடைய தாத்தாவும் கொள்ளுத் தாத்தாவும் எப்போது வந்தார்கள், யாருடன் வந்தார்கள் என்று அந்தப் பேரேட்டிலிருந்து எடுத்துக் காட்டுவார்கள். பல தலைமுறைகளாக நடந்துவரும் பதிவு இது. அமெரிக்காவில் உள்ள உட்டா வம்சாவளிச் சங்கம் இவற்றை நுண்படமாக எடுத்தும் வைத்திருக்கிறது.

சேவைத் தொழில் ஒன்றின் தரவுத்தளம் என்று இதைச் சொன்னால் தவறில்லை. இதில் நாம் கற்க வேண்டியவை மூன்று. முதலாவது, பேரேடு தேதி வாரியாக அடுக்கப்படவில்லை, ஊர் வாரியாக அடுக்கப்பட்டது. வருகிற யாத்ரீகர் ஊரைச் சொல்லித்தான் கேட்பார் என்பது பண்டாவுக்குத் தெரியும். இரண்டாவது, யாத்ரீகர் எதிரில் இருக்கும்போதே பதிவு எழுதப்படுகிறது. ஊருக்குப் போன பிறகு ஞாபகத்திலிருந்து எழுதுவதில்லை. மூன்றாவது, அப்பா எழுதியதை மகன் எடுத்துப் படிக்க முடிகிறது.

ஆனால் புத்தகத்துக்கு ஓர் எல்லை உண்டு. அதை ஒரே ஒரு வரிசையில்தான் அடுக்க முடியும். குறிப்பிட்ட ஒரு வருடத்தில் வந்தவர்கள் யார் யார் என்று கேட்டால் எல்லாப் பக்கங்களையும் புரட்ட வேண்டும். இந்த எல்லையைத் தாண்டும் வழியை 1970-இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்ற அறிஞர் ஒரு கட்டுரையில் சொன்னார். தகவல்களை எளிய அட்டவணைகளாக வையுங்கள், அட்டவணைகளைப் பொதுவான எண்களால் இணையுங்கள், எந்தப் பக்கத்திலிருந்து கேள்வி கேட்டாலும் பதில் கிடைக்கும் என்பது அதன் சாரம். இன்று வங்கியிலும் ரயில் முன்பதிவிலும் நடப்பது பெரும்பாலும் அதுதான். நமக்கும் அதே முறை போதும்.

நம் கடற்கரையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு

நம் பகுதியில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு தொழிலை எடுத்துக்கொள்வோம்: விசைப்படகு இன்ஜின் பட்டறை.

கிழக்குக் கடற்கரையில் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம். 2017-க்கு முன்பு இது 45 நாள்களாக இருந்தது. இந்த 61 நாள்களில்தான் படகுகளைக் கரையேற்றி மராமத்து பார்ப்பார்கள், பெயின்ட் அடிப்பார்கள், இன்ஜினைப் பிரித்துப் பார்ப்பார்கள். பட்டறைக்காரருக்கு வருடத்தின் பெரும்பகுதி வேலை இந்த இரண்டு மாதத்துக்குள் வந்து குவியும். மற்ற மாதங்களிலும் பாக் நீரிணைப் பகுதி விசைப்படகுகள் வாரத்தில் எல்லா நாளும் கடலுக்குப் போவதில்லை. கரையில் நிற்கும் நாள்களில்தான் அவசரப் பழுதுகள் வரும்.

பணம் வேறு விதமாக வரும். வேலை மே மாதத்தில் முடிந்திருக்கும். படகு கடலுக்குப் போய் மீன் பட்ட பிறகுதான் ரூபாய் வரும், அதுவும் தவணை தவணையாக. இப்படி வேலை ஒரு காலத்திலும் வரவு இன்னொரு காலத்திலும் நடக்கும் தொழிலில் ஞாபகத்தை நம்ப முடியாது.

முதல் வேலை: கேள்விகளை எழுதுங்கள்

பலர் முதலில் கேட்பது, “எந்த சாஃப்ட்வேர் நல்லது?” என்பது. அதைக் கடைசியில் பார்ப்போம். வீடு கட்டும்போது எத்தனை அறை வேண்டும் என்று முடிவு செய்யாமல் யாரும் செங்கல் இறக்க மாட்டார்கள்.

ஒரு நோட்டை எடுத்து, உங்கள் தொழிலில் அடிக்கடி எழும் கேள்விகளில் பத்தை எழுதுங்கள். பட்டறைக்காரருடைய கேள்விகள் இப்படி இருக்கலாம்:

இந்த இன்ஜினுக்குக் கடைசியாக எப்போது ஹெட் கழற்றினோம்?
இன்ன உரிமையாளர் மொத்தம் எவ்வளவு தர வேண்டும்?
ஒரு வருடத்துக்கு மேல் நிற்கும் பாக்கிகள் எவை?
போன தடைக்காலத்தில் எத்தனை இன்ஜெக்டர் செலவானது, இந்த முறை எத்தனை வாங்கி வைக்கலாம்?
ஒரே பழுதுக்குத் திரும்பத் திரும்ப வரும் படகு எது?
இந்த நிதியாண்டில் மொத்த வருமானம் 20 லட்சம் ரூபாயை நெருங்குகிறதா?

கடைசிக் கேள்விக்குக் காரணம் உண்டு. சேவைத் தொழிலில் ஆண்டு விற்றுமுதல் 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு செய்ய வேண்டும். தாண்டிய பிறகு தெரிந்துகொள்வதைவிட நெருங்கும்போதே தெரிந்துகொள்வது நல்லது.

மூன்றாவது கேள்விக்கும் காரணம் உண்டு. 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, செய்த வேலைக்கான கூலியைக் கேட்டு வழக்குப் போடப் பொதுவாக 3 ஆண்டுகள்தான் அவகாசம். நம் ஊரில் யாரும் உடனே கோர்ட்டுக்குப் போவதில்லை என்பது வேறு விஷயம். வேலை முடிந்த தேதி எழுதப்படாமல் இருந்தால், பெரியவர்களை வைத்துப் பேசும்போதும் உங்கள் பேச்சு எடுபடாது.

இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல என்ன தகவல் வேண்டுமோ அதை மட்டும் பதிவு செய்யுங்கள். எந்தக் கேள்விக்கும் உதவாத தகவலைச் சேர்த்தால் எழுதுபவருக்குச் சலிப்பு வரும். சலிப்பு வந்தால் எழுதுவதே நின்றுவிடும்.

இரண்டாவது: எதைப் பற்றிய நோட்டு என்று பிரியுங்கள்

சாதாரணமாக நாம் என்ன செய்வோம்? ஒரே பெரிய அட்டவணை போடுவோம். தேதி, பெயர், போன் நம்பர், படகு, இன்ஜின், செய்த வேலை, தொகை, பாக்கி என்று வரிசையாக எழுதுவோம். ஒரே உரிமையாளர் 12 தடவை வந்தால் அவருடைய போன் நம்பர் 12 இடத்தில் இருக்கும். அவர் நம்பரை மாற்றினால் ஓர் இடத்தில் திருத்துவோம், 11 இடத்தில் பழையது நிற்கும். ஆறு மாதம் கழித்து எது சரி என்று யாருக்கும் தெரியாது.

ஆகவே விதி இதுதான்: ஒரு தகவல் ஓர் இடத்தில் மட்டும் இருக்க வேண்டும். அதற்கு, எதைப் பற்றி எழுதுகிறோமோ அது ஒவ்வொன்றுக்கும் தனி அட்டவணை வேண்டும். பட்டறைக்கு ஆறு போதும்.

1. உரிமையாளர்: பெயர், ஊர், போன்.
2. படகு: பதிவு எண், இப்போதைய உரிமையாளர் யார்.
3. இன்ஜின்: இன்ஜின் எண், கம்பெனி, குதிரைத்திறன்.
4. வேலை: சீட்டு எண், தேதி, எந்தப் படகு, எந்த இன்ஜின், வேலை கொடுத்தவர் யார், என்ன பழுது, கூலி எவ்வளவு.
5. போட்ட பாகங்கள்: எந்த வேலைச் சீட்டுக்கு, என்ன பாகம், எத்தனை, என்ன விலை.
6. வரவு: தேதி, யாரிடமிருந்து, எந்தச் சீட்டுக்கு, எவ்வளவு, ரொக்கமா ஜி-பேயா.

உரிமையாளர், படகு, இன்ஜின் மூன்றையும் ஏன் பிரிக்க வேண்டும்? நம் கடற்கரை நடைமுறையை நினைத்துப் பாருங்கள். படகு கைமாறும். ஒரு படகின் இன்ஜினைக் கழற்றி இன்னொரு படகில் வைப்பார்கள். ஒருவருக்கே இரண்டு படகு இருக்கும். படகை விற்றுவிட்டால் பழைய பாக்கி வாங்கியவருடையது ஆகிவிடாது. அது வேலை கொடுத்தவருடையது. வேலைச் சீட்டில் மூன்று எண்களும் இருப்பதால் பாக்கி சரியான ஆளிடம் நிற்கும். இன்ஜினின் சரித்திரமும் இன்ஜினோடே போகும்.

இதைவிட வேதனையான நிலைமையும் இங்கே உண்டு. எல்லை தாண்டியதாகச் சொல்லி இலங்கைக் கடற்படை படகைப் பிடித்துப் போய்விடுகிறது. படகும் போய்விட்டது, அதற்குள் இருந்த இன்ஜினும் போய்விட்டது. உரிமையாளர் இருக்கிறார், போன ஏப்ரலில் நாம் செய்த வேலையின் பாக்கியும் இருக்கிறது. அப்போது படகின் வரியை அழிக்கக் கூடாது. ‘நிலை’ என்று ஒரு கட்டம் வைத்து, ‘பிடிபட்டது’ என்று தேதியுடன் குறித்தால் போதும். அந்தப் பாக்கியைக் கேட்பதா, பொறுப்பதா, விட்டுவிடுவதா என்பது மனிதர்கள் முடிவு செய்ய வேண்டியது. எவ்வளவு என்று தெரிந்தால்தான் அந்த முடிவையும் மனம் ஒப்பி எடுக்க முடியும்.

ஐந்தாவது அட்டவணை எதற்கு என்று கேட்கலாம். ஒரு வேலைக்கு இரண்டு பாகமும் போடலாம், பன்னிரண்டும் போடலாம். வேலைச் சீட்டிலேயே பாகம்-1, பாகம்-2, பாகம்-3 என்று கட்டம் போட்டால் நான்காவது பாகம் வரும்போது இடமில்லாமல் போகும். ஒன்றுக்குப் பல வரும் இடத்தில் எப்போதும் தனி அட்டவணை போடுங்கள்.

உங்கள் தொழில் வேறாக இருந்தாலும் இதே முறைதான். தண்ணீர் மெஷின் சர்வீஸ் செய்பவர் வாடிக்கையாளர், வீடு, மெஷின் மூன்றையும் பிரிக்க வேண்டும். வாடகைக்கு இருப்பவர் காலி செய்யும்போது மெஷினைக் கொண்டு போவார், அல்லது வீட்டுக்காரருக்கே விட்டுப் போவார். வேன் தொழில் செய்பவர் பார்ட்டி, வண்டி, டிரைவர், பயணம், செலவு, வரவு என்று பிரிக்கலாம். தையல்காரர் அளவுகளைத் தேதியுடன் தனியாக வைக்க வேண்டும். பள்ளிப் பிள்ளையின் போன வருட அளவு இந்த வருட யூனிஃபார்முக்கு ஆகாது.

மூன்றாவது: பெயர் போதாது, எண் வேண்டும்

நம் மாவட்டத்தின் பெயரையே பாருங்கள். ராமநாதபுரம், இராமநாதபுரம், ராம்நாடு என்று மூன்று விதமாக எழுதுகிறோம். ராமேஸ்வரத்தை இராமேஸ்வரம் என்றும் இராமேசுவரம் என்றும் எழுதுகிறோம். மனிதக் கண்ணுக்கு எல்லாம் ஒன்று. கம்ப்யூட்டருக்கு ஒவ்வோர் எழுத்துக்கூட்டலும் வேறு வேறு ஊர். ஊர்ப் பெயரைத் தட்டச்சு செய்ய விடாமல், ஒரு பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி வையுங்கள்.

ஆள் பெயரில் சிக்கல் இன்னும் அதிகம். நம்மிடம் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். அதைச் சிலர் முன்னால் போடுவார்கள், சிலர் பின்னால் போடுவார்கள். முனியசாமி, அந்தோணி, செய்யது என்ற பெயர்களில் ஒரே ஊரில் எத்தனை பேர்! போன் நம்பரை அடையாளமாக வைக்கலாமே என்றால், அதுவும் மாறும். அப்பா பெயரில் இருக்கும் நம்பர் மகன் கையில் இருக்கும்.

ஆகவே ஒவ்வோர் உரிமையாளருக்கும் நீங்களே ஒரு வரிசை எண் கொடுங்கள். 1, 2, 3 என்றே கொடுக்கலாம். ஒருமுறை கொடுத்த எண்ணை இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது. அந்த எண்ணுக்குள் ஊர், தொழில் என்று எந்த அர்த்தத்தையும் புகுத்தாதீர்கள். அர்த்தம் மாறினால் எண்ணையும் மாற்ற வேண்டிவரும்.

படகுகளில் எழுதியிருக்கும் பதிவு எண்ணை நாம் தினமும் பார்க்கிறோம். ‘ஐஎன்டி’ என்று நாடு, ‘டிஎன்’ என்று மாநிலம், பிறகு பகுதிக்கான எண், படகு வகைக்கான எழுத்துகள், கடைசியில் தொடர் எண். நடுக்கடலில் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கும் இது எந்த ஊர்ப் படகு என்று தெரிய வேண்டும் என்பதால் அப்படி அமைத்திருக்கிறார்கள். படகைத் தேடுவதற்கு அந்த எண்ணைப் பயன்படுத்துங்கள். உள்ளே இணைப்பதற்கு உங்கள் வரிசை எண்ணே இருக்கட்டும்.

இன்னொரு சிறு விஷயம். போன் நம்பர், இன்ஜின் எண் போன்றவற்றைக் கம்ப்யூட்டரில் ‘எண்’ வகையாக வைக்காமல் ‘எழுத்து’ வகையாக வையுங்கள். கூட்டிக் கழிக்காத எதையும் எண்ணாக வைக்கத் தேவையில்லை. எண்ணாக வைத்தால் முன்னால் வரும் பூஜ்ஜியம் காணாமல் போய்விடும்.

நான்காவது: பாக்கியை எழுதாதீர்கள், கணக்கிடுங்கள்

பாக்கி நோட்டில் நாம் என்ன செய்கிறோம்? 18,500 என்று எழுதுகிறோம். 10,000 வந்ததும் அதை அடித்து 8,500 என்று எழுதுகிறோம். இன்னொரு 5,000 வந்ததும் அதையும் அடித்து 3,500. ஒரு வருடம் கழித்து, “நான் நடுவில் 2,000 கொடுத்தேனே” என்று அவர் சொன்னால் உங்களிடம் பதில் இருக்காது. அடித்த எண்களைப் பார்த்து யார் எப்போது கொடுத்தது என்று சொல்ல முடியாது.

தரவுத்தளத்தில் ‘பாக்கி’ என்று ஒரு கட்டமே வைக்காதீர்கள். வேலைத் தொகைகள் ஒரு பக்கம் இருக்கும், வரவுகள் ஒரு பக்கம் தேதியுடன் இருக்கும். பாக்கி எவ்வளவு என்று கேட்டால் கம்ப்யூட்டர் அந்த நிமிடத்தில் கழித்துச் சொல்லும். தவறாக ஒரு வரவு எழுதிவிட்டால் அதை அழிக்க வேண்டாம். அதே தொகையைக் கழித்து இன்னொரு வரி எழுதி, காரணம் போடுங்கள். சண்டை வரும்போது இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரே பட்டியலைப் பார்க்கலாம். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

விலையில் மட்டும் கவனம் வேண்டும். உதிரி பாகங்களுக்கு விலைப்பட்டியல் தனியாக வைத்திருப்பீர்கள். அதில் விலை ஏறும். பழைய பில்லும் புது விலையைக் காட்டினால் கணக்கே குழம்பிவிடும். ஆகவே பாகம் போட்ட அன்று என்ன விலையோ அதை அந்த வேலையின் வரியிலேயே எழுதி வையுங்கள். ஒரு தகவல் ஓர் இடத்தில் என்ற விதி இதனால் உடையவில்லை. இன்றைய விலை ஒரு தகவல், அன்று வாங்கிய விலை வேறொரு தகவல்.

ஐந்தாவது: இப்போது சாஃப்ட்வேர்

ஆறு அட்டவணையும் பேப்பரில் தயாரானால், எதில் செய்வது என்பது சின்னக் கேள்வி. லிப்ரே ஆபிஸ் தொகுப்பில் ‘பேஸ்’ என்று ஒன்று இருக்கிறது, இலவசம். மைக்ரோசாஃப்ட் அக்சஸ் தெரிந்தவர்கள் அதில் செய்யலாம். கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் எஸ்.கியூ.லைட் கொண்டு செய்து தருவார்கள். 2000-ஆம் ஆண்டு ரிச்சர்ட் ஹிப் என்பவர் இதை உருவாக்கினார். அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்றுக்கான மென்பொருள் வேலையில் பிறந்தது அது. இன்று உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்குள்ளும் இருக்கிறது. வாட்ஸ்அப் செய்திகள் போனில் சேமிக்கப்படுவதும் அதில்தான்.

எக்செல் போதாதா என்று கேட்பீர்கள். தொடக்கத்துக்குப் போதும், ஆறு அட்டவணைக்கும் ஆறு ஷீட் போட்டால். ஆனால் எக்செல் உங்களைத் தடுக்காது. இல்லாத உரிமையாளர் எண்ணைப் போட்டாலும் வாங்கிக்கொள்ளும், தேதிக் கட்டத்தில் பெயரை எழுதினாலும் வாங்கிக்கொள்ளும். 2020 அக்டோபரில் இங்கிலாந்தில் என்ன நடந்தது தெரியுமா? கொரோனா பரிசோதனை முடிவுகளைப் பழைய எக்செல் கோப்பு வடிவத்தில் ஏற்றினார்கள். அந்த வடிவத்தில் 65,536 வரிகளுக்கு மேல் கொள்ளாது. அதற்கு மேல் வந்தவை விடுபட்டுப் போய், 15,841 பேருடைய முடிவுகள் உரிய நேரத்தில் கணக்கில் வரவில்லை. நம் பட்டறைக்கு அவ்வளவு வரிகள் வராது. ஆனால் விடுபட்டதை உடனே சொல்லாத கருவியில் பணக் கணக்கை வைப்பது பற்றி யோசிக்க வேண்டும். நல்ல தரவுத்தளம் தப்பான பதிவை வாசலிலேயே நிறுத்திவிடும்.

எதில் செய்தாலும், உள்ளே இருப்பதை ‘சி.எஸ்.வி.’ என்ற சாதாரணக் கோப்பாக வெளியே எடுக்க முடிகிறதா என்று முதலில் கேளுங்கள். எடுக்க முடியாவிட்டால் தகவல் உங்களுடையது அல்ல, அந்த சாஃப்ட்வேர்காரருடையது. வெளியாள் செய்து கொடுத்தால், பாஸ்வேர்டும் அட்டவணைகளின் வரைபடமும் உங்கள் கைக்கு வந்த பிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள்.

ஆறாவது: எப்போது தொடங்குவது

இதை ஏப்ரலில் தொடங்காதீர்கள். தடைக்காலத்தில் பட்டறையில் நிற்க நேரம் இருக்காது. புது முறை அந்த நெரிசலில் ஒரு வாரம்கூடத் தாங்காது.

ஜூலையில் கேள்விகளை எழுதுங்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் அச்சடித்த வேலைச் சீட்டைப் பழக்குங்கள். கையில் கிரீஸோடு யாரும் கீபோர்டைத் தொட மாட்டார்கள். மெக்கானிக் பேனாவால் சீட்டில் எழுதுவார், மாலையில் வீட்டில் ஒருவர் அதைப் பதிவார். படகு உரிமையாளர் எதிரில் இருக்கும்போதே சீட்டை எழுதி, அவர் கையெழுத்தையும் வாங்கிவிடுங்கள். ஹரித்வார் பண்டாக்களிடம் கற்ற பாடம் அது. வடகிழக்குப் பருவமழையின்போது, படகுகள் அடிக்கடி கரையில் நிற்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, அட்டவணைகளை உருவாக்குங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை பழைய நோட்டும் புதிய தரவுத்தளமும் சேர்ந்தே ஓடட்டும். மாதக் கடைசியில் இரண்டும் ஒரே தொகையைக் காட்டுகிறதா என்று பாருங்கள். காட்டினால் ஏப்ரல் 15-க்கு நீங்கள் தயார்.

பத்து வருடப் பழைய நோட்டு முழுவதையும் ஏற்ற வேண்டியதில்லை. நிற்கும் பாக்கிகளை மட்டும் ஏற்றுங்கள். ஏற்றும் முன் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, “நம் கணக்குப்படி இவ்வளவு, சரிதானே?” என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏழாவது: காப்பாற்றி வையுங்கள்

உப்புக் காற்று எந்த மின்சாதனத்தையும் இங்கே நீண்ட நாள் விடாது. மின்வெட்டு உண்டு, புயலும் உண்டு. 1964 டிசம்பரில் தனுஷ்கோடிக்கு என்ன நடந்தது என்று நம் ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே மூன்று பிரதிகள் வையுங்கள். ஒன்று கம்ப்யூட்டரில், ஒன்று தனி ஹார்ட் டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ, ஒன்று ஊருக்கு வெளியே. மதுரையில் இருக்கும் மகள் வீட்டில் வைத்தாலும் சரி, இணையச் சேமிப்பில் வைத்தாலும் சரி. மாதம் ஒருமுறை அந்தப் பிரதியைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பிரதியை நம்பக் கூடாது.

அடுத்து, பிறர் தகவலை வைத்திருக்கும் பொறுப்பு. இன்ஜின் பழுது பார்க்க ஆதார் நகல் எதற்கு? வேண்டாம். தண்ணீர் மெஷின்காரரிடம் நம் தெரு முழுவதும் யார் வீடு எந்த நேரம் பூட்டியிருக்கும் என்ற தகவல் இருக்கும். அது வெளியே போனால் என்ன ஆகும் என்று குடியிருப்போராகிய நமக்கே தெரியும். 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படையும் இதுதான்: தேவையானதை மட்டும், சொல்லிவிட்டு வாங்கு, வாங்கியதைப் பாதுகாத்து வை.

கடைசியாக, வீட்டில் குறைந்தது இன்னொருவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். பாஸ்வேர்டை ஒரு கவரில் போட்டு பீரோவில் வையுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பக்கத்தில் உட்காராமல், வீட்டில் இருப்பவரை ஒரு கேள்விக்கு மட்டும் பதில் எடுக்கச் சொல்லுங்கள்: “இன்றைய தேதியில் யார் யார் நமக்கு எவ்வளவு தர வேண்டும்?” அவர் யாரையும் கேட்காமல் பட்டியலை எடுத்துவிட்டால் உங்கள் தரவுத்தளம் முடிந்தது. எடுக்க முடியாவிட்டால் எங்கே தடுமாறினாரோ அங்கே திருத்துங்கள்.

கேள்விப் பட்டியலை எழுதிக்கொண்டு வருபவர்களுடன் உட்கார்ந்து அட்டவணை போட்டுத் தர நான் தயார். சங்க அலுவலகத்தில் சொல்லி வையுங்கள். கம்ப்யூட்டர் வேண்டாம், நோட்டும் பேனாவும் கொண்டு வந்தால் போதும்.